பத்து நொடியும் ஒரு முழு நாளும்: தில்லை நகர் ஆய்வகத்தில் அம்மாவுக்கு எடுத்த இ.சி.ஜி.

என் அம்மாவுக்கு வயது 67. சென்ற ஆவணி மாதம் முதல், அதிகாலை நான்கு மணி வாக்கில் நெஞ்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்வதாகவும், எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் அது தானாக அடங்கிவிடுவதாகவும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சியில் நாங்கள் பார்க்கும் இதய மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்த பிறகு சீட்டில் இரண்டே வரிகள் எழுதிக் கொடுத்தார். முதல் வரியில் '12 லீட் இ.கே.ஜி.' என்றும், இரண்டாம் வரியில் '24 மணி நேர ஹோல்டர்' என்றும் இருந்தன. ஹோல்டர் என்பது ஒரு நாள் முழுவதும் உடம்பிலேயே மாட்டியிருந்து இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சிறிய கருவி.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இ.கே.ஜி. எங்ககிட்ட இல்லைங்க, இ.சி.ஜி. மட்டும்தான் எடுக்கிறோம், பெரிய ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது தவறு என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது. படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல எங்கயும் எடுக்க முடியாத அளவுக்கு எனக்கு என்னடா வந்திருக்கு?" என்று கேட்டார். ஒரே ஓர் எழுத்து மாறியதற்காக அவர் அன்று இரவு முழுவதும் தூங்காமல் கிடந்தார். அதனால்தான் இந்த மதிப்புரையில், மறுநாள் நாங்கள் போன ஆய்வகத்தின் சேவையைப் பற்றி எழுதும் அளவுக்கு, அந்தச் சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் போனது தில்லை நகரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் நடுத்தர அளவிலான ஆய்வகம். வரவேற்பில் இருந்த பெண் சீட்டைப் படித்த உடனே, "இ.கே.ஜி.ன்னு எழுதினாலும் இ.சி.ஜி.ன்னு எழுதினாலும் ஒண்ணுதாங்கம்மா, சில டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க, உட்காருங்க" என்று அம்மாவிடமே நேராகச் சொன்னார். முந்தைய நாள் ஏறிய பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியது. இந்த ஆய்வகத்துக்கு நான் கொடுக்கும் முதல் நல்ல மதிப்பெண் அந்த வாக்கியத்துக்குத்தான்.

இரண்டு பெயரும் ஒன்றே என்பதற்குக் காரணம் எளிமையானது. இதயத்தின் மின்னோட்டப் பதிவை ஆங்கிலத்தில் எலக்ட்ரோகார்டியோகிராம் என்கிறார்கள். அதில் 'கார்டியோ' என்பது 'சி' என்ற எழுத்தில் தொடங்குவதால் இ.சி.ஜி. ஆயிற்று. ஜெர்மன் மொழியில் அதே பகுதி 'கே' என்ற எழுத்தில் தொடங்குவதால் இ.கே.ஜி. ஆயிற்று. இந்தத் துறையின் தொடக்ககாலக் கட்டுரைகளில் பல ஜெர்மன் மொழியில் வெளிவந்தவை. அமெரிக்காவில் இன்றும் பலர் இ.கே.ஜி. என்றே சொல்கிறார்கள். மூளையின் மின்னலைப் பதிவுக்கு இ.இ.ஜி. என்று பெயர் இருப்பதால், காதில் விழும்போது இ.சி.ஜி.யும் இ.இ.ஜி.யும் குழம்பிவிடாமல் இருக்க 'கே' உதவுகிறது என்று அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். எங்கள் மருத்துவர் மேற்படிப்பை வெளிநாட்டில் படித்தவர். கை பழகிய எழுத்தை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். கவுண்ட்டரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு செய்தியை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். 'எலக்ட்ரோ' என்பது மின்சாரத்தைக் குறிப்பது. அம்பர் என்ற பிசினுக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. 'கார்டியா' என்றால் இதயம். 'கிராம்' என்றால் எழுதப்பட்டது. ஆக, இதயத்தின் மின்சாரம் எழுதிய எழுத்து என்பதே முழுப்பொருள். எழுதும் கருவிக்கு எலக்ட்ரோகார்டியோகிராஃப் என்றும், எழுதப்பட்ட தாளுக்கு எலக்ட்ரோகார்டியோகிராம் என்றும் இரண்டு தனிப் பெயர்கள் உண்டு. டெலிகிராஃப் என்பது தந்திக் கருவி, டெலிகிராம் என்பது அதில் வந்த செய்தி என்பது போலத்தான் இதுவும். தமிழில் இதய மின்னலை வரைபடம் என்று எழுதுவது தாளுக்குப் பொருந்தும். கருவியைக் குறிக்க வரைவி என்று முடிப்பதே சரி. பேச்சில் நாம் இரண்டையும் இ.சி.ஜி. என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். 'இ.சி.ஜி. ரிப்பேர்' என்றால் கருவி, 'இ.சி.ஜி. கொண்டு வந்தீங்களா' என்றால் தாள் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

தந்தி என்று சொன்னதும் வேறொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று 1887-இல் லண்டனில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். அதை மருத்துவத்துக்குப் பயன்படும் கருவியாக மாற்றியவர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். இவர் 1860-இல் ஜாவாத் தீவின் செமராங் நகரத்தில் பிறந்தவர். வெள்ளி பூசிய, மயிரிழையினும் மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தத்தின் நடுவே கட்டி, இதயத்தின் மின்னோட்டம் அதில் பாயும்போது அந்த இழை அசைவதைப் படமாக்கினார். அந்த இழையைத் தமிழில் தந்தி என்றே சொல்லலாம். வீணைக்கும் அதே சொல்தான், தபால் அலுவலகத்திலிருந்து வந்த செய்திக்கும் அதே சொல்தான். ஐந்தோவனின் முதல் கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை இருந்தது. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். மருத்துவமனையில் நோயாளி உப்புநீர் நிறைந்த கலங்களில் கையையும் காலையும் வைத்து உட்கார்ந்திருக்க, அவருடைய இதயத்தின் மின்னோட்டம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக ஆய்வுக்கூடத்துக்கு வந்து பதிவானது. 1906-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அவர் டெலிகார்டியோகிராம் என்றே பெயர் வைத்தார். 1924-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அலையின் மேடு பள்ளங்களுக்கு இன்றும் நாம் சொல்லும் பி, கியூ, ஆர், எஸ், டி என்ற ஐந்து எழுத்துகளையும் வைத்தவர் அவரே.

வரவேற்பறைச் சுவரில் கட்டணப் பட்டியல் ஒட்டியிருந்தது. இ.சி.ஜி. 250 ரூபாய், எக்கோ 1,800 ரூபாய், டிரெட்மில் 1,500 ரூபாய், ஹோல்டர் 2,400 ரூபாய். இந்தப் பட்டியலின் கீழ் ஒவ்வொரு பரிசோதனையும் எதைப் பதிவு செய்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், தனக்குப் போன மாதமே எக்கோ எடுத்தாயிற்று, மறுபடியும் எதற்கு இ.சி.ஜி. என்று தம் மகனிடம் கோபித்துக்கொண்டிருந்தார். எக்கோ என்பது ஒலியலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு இதயத்தின் சுவர், வால்வு, இரத்தத்தை வெளித்தள்ளும் வலிமை ஆகியவற்றைப் படமாகக் காட்டுவது. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கி வைத்தது. இ.சி.ஜி. என்பது மின்சாரத்தின் பதிவு. 'லப் டப்' என்ற ஓசையைப் பதிவு செய்வதற்கு ஃபோனோகார்டியோகிராம் என்று தனிப் பெயர் உண்டு. சாயம் செலுத்தி இரத்தக் குழாயை எக்ஸ்ரேயில் பார்ப்பது ஆஞ்சியோகிராம். எல்லாப் பெயரும் 'கிராம்' என்று முடிவதால் எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும், வீட்டின் மின்வயரைச் சோதிப்பதும் சுவரைச் சோதிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது போல இவை ஒன்றுக்கொன்று மாற்றாகாது. வரவேற்பில் இருந்த பெண் இதையெல்லாம் அந்தப் பெரியவருக்குச் சொல்லவில்லை, கூட்டமும் இருந்தது.

உள்ளே இ.சி.ஜி. அறையில் பெண் டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். திரை முழுவதுமாக மூடியது. கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இருந்தது. இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், பாதித் திரையை இழுத்துவிட்டு ஆண் ஊழியர் ஒருவரே எல்லோருக்கும் எடுக்கும் இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதுதான். நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டிய பரிசோதனையில் கூச்சத்தால் உடம்பை இறுக்கிக்கொண்டால், தசையின் மின்னோட்டமும் பதிவில் கலந்து கோடு நடுங்கிவிடும். ஆகவே மறைவிடம் என்பது மரியாதைக்கு மட்டுமின்றிப் பதிவின் தெளிவுக்கும் தேவையானது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் அடிக்குமா கண்ணு?" என்பது. அந்தப் பெண் கையில் எடுத்த கிளிப்பை அப்படியே வைத்துவிட்டு, "நாங்க எதையும் உள்ள அனுப்பறதில்லைம்மா. உங்க நெஞ்சுல ஏற்கெனவே இருக்கறதைத்தான் எடுக்கிறோம்" என்றார். இதைவிடச் சரியாக இ.சி.ஜி.யின் பொருளை யாரும் சொல்லிவிட முடியாது. தோலின் மேல் வந்து சேரும்போது அந்த மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைக் கருவி பெருக்கி எழுதுகிறது.

பிறகு அவர் வேலை செய்த விதத்தை நான் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் சிவப்பு, இடது கையில் மஞ்சள், இடது காலில் பச்சை, வலது காலில் கறுப்பு என்று நான்கு கிளிப்புகளை மாட்டினார். அம்மாவின் கால் கொலுசை மேலே தள்ளிவிட்டு, தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சிறிது ஜெல் தடவினார். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்களை வைப்பதற்கு முன்பு, கழுத்தெலும்பின் கீழிருந்து விரலால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, நான்காவது இடைவெளியைக் கண்டுபிடித்த பிறகே முதல் குமிழை வைத்தார். கண்ணளவில் வைத்துவிட்டுப் போகிறவர்களே மிகுதி. ஓர் இடைவெளி மேலே போனால்கூடப் பழைய மாரடைப்பு இருப்பது போன்ற தோற்றம் தாளில் வந்துவிடக்கூடும் என்பதும், கையின் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் முதல் லீடில் அலை தலைகீழாகிவிடும் என்பதும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு விலா எலும்பை எண்ணிய அந்த இருபது நொடிகளுக்காகவே இந்த ஆய்வகத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

உடம்பில் பத்துக் கம்பிகள்தான் இருக்கின்றன, பிறகு சீட்டில் ஏன் 12 லீட் என்று எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பேச்சில் கம்பியையும் லீட் என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. லீட் என்றால் இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு திசையிலிருந்து பார்க்கும் பார்வை. மலைக்கோட்டையைத் தெப்பக்குளத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தோற்றம், காவிரிப் பாலத்திலிருந்து பார்த்தால் இன்னொரு தோற்றம்; கோட்டை ஒன்றுதான். கை கால்களில் உள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆறு பார்வைகளும், நெஞ்சின் ஆறு குமிழ்களிலிருந்து ஆறு பார்வைகளும் கிடைக்கின்றன. வலது காலின் கறுப்புக் கம்பி பார்வை எதையும் தராது. குறுக்கீட்டைக் குறைப்பதற்காக இருப்பது. இதயத்தின் எந்தப் பக்கச் சுவரில் கோளாறு என்பதை மருத்துவர் ஊகிப்பது இந்தப் பன்னிரண்டு பார்வைகளில் எவை மாறியிருக்கின்றன என்பதைக் கொண்டுதான்.

தாள் வெளியே வந்தது. இளஞ்சிவப்புக் கட்டங்கள் போட்ட வெப்பத்தாள். நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுவதால், சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. ஓரத்தில் பத்து மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர மேடு இருந்தது. அது ஒரு மில்லிவோல்ட்டுக்கான அளவுக்குறி, தராசில் படிக்கல் போன்றது. உயர்ந்து நிற்கும் இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது கிடைக்கும். அம்மாவுக்கு நான்கு கட்டங்கள், அதாவது 75. ஒவ்வொரு லீடும் இரண்டரை நொடி, கீழே இரண்டாம் லீட் மட்டும் முழுப் பத்து நொடி. தாள் முழுவதும் அடங்கியிருப்பது அந்தப் பத்து நொடிதான்.

தாளின் மேலே கருவியே சில சொற்களை அச்சிட்டிருந்தது. 'சைனஸ் ரிதம்' என்பது முதல் வரி, 'பார்டர்லைன் இ.சி.ஜி.' என்பது கடைசி வரி. இரண்டுமே அம்மாவைக் கலக்கிவிட்டன. மூக்கடைப்பு, தலைபாரம் வந்தால் அதைச் சைனஸ் என்று சொல்லிப் பழகியவர் அவர். இதயத்துக்குள் எப்படிச் சைனஸ் வந்தது என்று கேட்டார். சைனஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வளைவு, குழிவு என்று பொருள். முகத்தெலும்பின் உள்ளறைகளுக்கும் அந்தப் பெயர். இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும், 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் விவரித்த கணுவுக்கும் அதே பெயர். சைனஸ் ரிதம் என்றால் துடிப்பு தொடங்க வேண்டிய இடத்திலிருந்தே தொடங்குகிறது என்று பொருள். அது நல்ல செய்தி. நல்ல செய்தியைக் கெட்ட செய்தி என்று எண்ணி எத்தனை பேர் வீட்டில் கலங்கியிருப்பார்களோ தெரியாது.

பார்டர்லைன் என்ற வரியைப் பற்றி டெக்னீஷியன் சொன்னது இன்னும் பயனுள்ளது. "அது மெஷின் எழுதறதும்மா. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ரிப்போர்ட்." உண்மையிலேயே அந்த வரிக்குக் கீழே, மருத்துவர் உறுதி செய்யாதது என்று பொருள்படும் சொல்லும் சிறிய எழுத்தில் இருந்தது. அலையின் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுக் கருவி சொல்லும் கருத்து அது. எதிரில் படுத்திருப்பவரின் வயதுக்கு அப்பால் அவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து ஆய்வகத்தின் மருத்துவர் பார்த்து, இயல்பான பதிவு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இயல்பானது என்ற சொல்லையும் அளந்து பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. காலை 10:40-க்கு, படுக்கையில் அமைதியாகப் படுத்திருந்த பத்து நொடிகளில் அம்மாவின் இதய மின்னோட்டம் இயல்பாக இருந்தது என்பதே அந்தத் தாளின் சாட்சியம். அதிகாலை நான்கு மணிக்கு என்ன நடக்கிறது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 'இ.சி.ஜி. எடுத்தாச்சு, நார்மல், ஒண்ணும் இல்லை' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும்போது, பதிவான நேரத்தை மறந்துவிடுகிறோம். மாரடைப்பின் தொடக்கத்தில்கூட முதல் இ.சி.ஜி. இயல்பாக இருக்கக்கூடும், அதனால்தான் நெஞ்சுவலியோடு வருபவருக்கு மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப எடுப்பதும், டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை செய்வதும் வழக்கமாக இருக்கின்றன. நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று இருந்தால் இப்படிப்பட்ட ஆய்வகத்தின் வரிசையில் உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்தது ஹோல்டர். எதையோ தாங்கிப் பிடிக்கும் பொருள் என்பதால் வந்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பலரும் அப்படியே நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலனா என்ற ஊரைச் சேர்ந்த நார்மன் ஜெஃப் ஹோல்டர், 1947 வாக்கில் சுமார் 38 கிலோ எடையுள்ள வானொலிக் கருவியை முதுகில் சுமந்துகொண்டு, நடமாடும் ஒருவரின் இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்ய முடியும் என்று காட்டினார். மனிதர் மல்லாந்து படுத்திருக்கும் நேரத்தைவிட நடமாடும் நேரமே அதிகம், அந்த நேரத்தின் பதிவு வேண்டும் என்பதுதான் அவருடைய அக்கறை. பல நோயாளிகளுக்குப் பயன்படும் வகையில் அந்தக் கருவியைச் சுருக்கிக் காட்டிய அவருடைய கட்டுரை 1961-இல் வெளிவந்தது. மருத்துவர்கள் இதை ஆம்புலேட்டரி இ.சி.ஜி. என்றும் எழுதுவதுண்டு, அதற்கு நடமாடும்போது எடுப்பது என்று பொருள்.

அம்மாவுக்கு மாட்டிய கருவி தீப்பெட்டிக் கட்டு ஒன்றின் அளவில்தான் இருந்தது. ஐந்து ஒட்டும் வில்லைகள், ஐந்து கம்பிகள், கழுத்தில் தொங்கவிட ஒரு நாடா. வில்லை ஒட்டுவதற்கு முன்பு அந்தப் பெண் தோலைச் சொரசொரப்பான பஞ்சால் சிவக்கும் அளவுக்குத் தேய்த்தார். அம்மா முகம் சுளித்தாலும், அப்படித் தேய்த்ததால்தான் புழுக்கமான அந்த நாளில் வியர்வையிலும் ஒரு வில்லையும் கழலவில்லை. ஒவ்வொரு கம்பியையும் ஒரு சுற்று வளைத்துப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியது இன்னொரு நல்ல பழக்கம். தூக்கத்தில் இழுபட்டால் அந்த வளைவுதான் இழுபடும், வில்லை அசையாது. குளிக்கக் கூடாது, கைபேசியைச் சட்டைப் பக்கம் வைக்கக் கூடாது, மற்றபடி வழக்கமாகச் செய்யும் வேலை எல்லாவற்றையும் செய்யலாம் என்றார். வேலையே செய்யாமல் படுத்திருந்தால் பதிவுக்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்று அவர் சேர்த்துச் சொன்னது முக்கியமானது. வீட்டில் அம்மாவை அசையவிடக் கூடாது என்றுதான் நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம்.

இதோடு ஒரு குறிப்புத்தாளும் கொடுத்தார்கள். எந்த நேரத்தில் என்ன செய்தோம், என்ன தொந்தரவு இருந்தது என்று எழுத வேண்டும். ஆய்வகத்தின் பெரிய குறை இங்கேதான். தாள் முழுவதும் ஆங்கிலம். எழுத வேண்டியவர் 67 வயதுப் பெண். நான்காம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். திருச்சியில் இயங்கும் ஓர் ஆய்வகம், வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று அறிந்திருந்தும், நான்கு தலைப்புகளைத் தமிழில் அச்சிடாமல் இருப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டெக்னீஷியன் தம் பேனாவால் 'நேரம்', 'செய்த வேலை', 'தொந்தரவு', 'மாத்திரை' என்று தலைப்புகளின் மேலே எழுதிக் கொடுத்தார். அவருடைய நல்ல மனத்தால் நடந்த இந்த வேலை, ஆய்வகத்தின் வழக்கமாக ஆக வேண்டும். குறிப்புத்தாள் இல்லாத ஹோல்டர் பதிவு பாதிப் பதிவுதான். தொந்தரவும் அலையும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தனவா என்பதை வேறு எப்படி அறிவது?

அன்று மாலை அம்மா மாடிப்படி ஏறி மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதைக் குறிப்புத்தாளில் எழுதினார். சீரியல் பார்த்ததையும் எழுதினார். விடியற்காலையில் நான் எழுந்து போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்தார். '4.15. நெஞ்சு அடிச்சுது. தண்ணி குடிச்சேன். நின்னுருச்சு.' கருவியில் இருந்த பொத்தானையும் அழுத்தியிருந்தார்.

மறுநாள் கருவியைக் கழற்றினார்கள். அறிக்கை அன்று மாலையே கிடைக்கும் என்றவர்கள் இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்கள். நடுவில் இருமுறை தொலைபேசியில் கேட்டபோது, மருத்துவர் இன்னும் பார்க்கவில்லை என்று பதில் வந்தது. கருவியின் கணக்கை அப்படியே அச்சிட்டுக் கொடுக்காமல் மருத்துவர் பார்க்கும் வரை காத்திருந்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டு நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அம்மாவை அதற்கேற்பத் தயார் செய்திருப்பேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் முதல் பக்கம் மட்டுமே. அலைகள் அச்சாகியிருக்கும் பக்கங்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மருத்துவர் பார்க்க விரும்புவது அந்தப் பக்கங்களைத்தான் என்பதால், அங்கே போகிறவர்கள் முழு அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிக்கையின்படி, பதிவான நேரம் 23 மணி 52 நிமிடம். மொத்தத் துடிப்பு 1,03,118. சராசரி நிமிடத்துக்கு 72. மிகக் குறைவு 51, பின்னிரவு 2:38-க்கு. மிக அதிகம் 142, அதிகாலை 4:14-க்கு. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடி ஏறியபோதுகூட 110-ஐத் தாண்டாத இதயம், கட்டிலில் படுத்திருக்கும்போது 142-க்குப் போயிருக்கிறது. அந்த நிமிடத்தின் அலைகள் தனிப் பக்கத்தில் அச்சாகியிருந்தன. சீராக வந்துகொண்டிருந்த முனைகள் திடீரென நெருங்கி, ஓட்டம்போல ஓடி, பிறகு சற்று இடைவெளி விட்டு, மீண்டும் சீராகின்றன. அம்மா தம் கையால் எழுதிய '4.15' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தை வைத்துப் பார்த்தபோது, எத்தனையோ மாதங்களாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதான் யாரோ கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. 'வயசானா அப்படித்தான் இருக்கும்' என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இதய மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். மேலறையிலிருந்து எழும் சிறிய வேகத் துடிப்பு ஓட்டம் என்றும், இந்த அளவில் ஆபத்து இல்லை என்றும் விளக்கி, தைராய்டு பரிசோதனையும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஹோல்டர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இடையில் என் தங்கை மகன் தன் கைக்கடிகாரத்திலேயே இ.சி.ஜி. எடுக்கலாமே, எதற்கு 2,400 ரூபாய் என்று கேட்டான். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த அந்த வசதி உண்மையான இ.சி.ஜி.தான், ஆனால் ஒரே லீட், முப்பது நொடி, அதுவும் நாம் விரலை வைத்து எடுத்தால்தான் பதிவாகும். படபடப்பு வரும் நேரத்தில் விழித்து, கடிகாரத்தைத் தேடி, விரலை வைத்து எடுக்கக்கூடியவர்களுக்கு அது பயன்படும். தண்ணீர் குடிப்பதற்குள் அடங்கிவிடும் படபடப்புக்கு, ஏற்கெனவே பதிவு செய்துகொண்டிருக்கும் கருவிதான் வேண்டும்.

மொத்தத்தில் 2,650 ரூபாய் கட்டணம். கருவிக்கு முன்பணமாக 3,000 ரூபாய் கட்டி, திருப்பிக் கொடுத்த அன்றே குறையாமல் வாங்கிக்கொண்டோம். டெக்னீஷியனின் வேலைக்கு முழு மதிப்பெண்; அறிக்கை தந்த விதத்துக்குப் பாதி; தமிழில் ஒரு வரியும் இல்லாத தாள்களுக்கு ஒன்றும் இல்லை. இந்தக் குறைகளோடும் ஆறு மாதம் கழித்து அம்மாவை அங்கேதான் அழைத்துப் போவேன்.

போகிறவர்கள் முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ சட்டையோ அணிந்து, காலையிலேயே குளித்துவிட்டுப் போவது நல்லது; ஹோல்டர் மாட்டிவிட்டால் மறுநாள் வரை குளிக்க முடியாது. நெஞ்சில் பவுடரோ எண்ணெயோ தடவக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை மாட்டுவதில்லை. பழைய இ.சி.ஜி. தாள்கள் இருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் இன்றைய அலையைப் பழைய அலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் மருத்துவருக்கு மாற்றம் தெரியும். வெப்பத்தாளில் அச்சானது நாளடைவில் மங்கிவிடும். 2014-இல் அம்மாவுக்கு எடுத்த இ.சி.ஜி.யை நான் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, கட்டங்கள் மட்டும் இருந்தன, அலை போய்விட்டிருந்தது. இந்த முறை ஆய்வகத்தின் வாசலிலேயே இருந்த கடையில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கோப்பிலும் ஒன்றை அம்மாவின் பீரோவிலும் வைத்திருக்கிறோம்.